சி.டி.ஆர். திறக்கும் என்று எழுதிவிட்டால் போதுமா?

"டிசைன் பண்ற கோரல் டிராவுக்குப் பதிலா இலவச மென்பொருளே இருக்கே, கோரல் டிராவோட சி.டி.ஆர். கோப்பையும் திறக்கும்னு எழுதியிருக்கே, அதுக்கு மாறிடுங்க" என்று புத்தி சொல்கிறவர்களில் ஒருவராவது அச்சகத்துப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்திருப்பார்களா? புதிதாக லோகோ வரைய எது வேண்டுமானாலும் போதும். எங்கள் பாடு அதுவல்ல. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பில் புக், ஜவுளிக்கடைப் பை என்று வருடக்கணக்காகச் சேர்ந்த வேலை மொத்தமும் சி.டி.ஆர். கோப்பாகத்தான் கிடக்கிறது. "மூத்தவளுக்கு அடிச்ச அதே டிசைன், பேரும் தேதியும் மட்டும் மாத்துங்க" என்றுதான் வாடிக்கையாளர் வந்து நிற்கிறார்.

இலவச மென்பொருளில் நம்பித் திறந்தால் பிள்ளையார் மட்டும் ஒழுங்காக வருகிறார். பவர்கிளிப் என்ற கட்டத்துக்குள் அடைத்து வைத்த பூவேலை கட்டத்தை விட்டு வெளியே வழிகிறது. எழுத்தைக் கேட்கவே வேண்டாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த மணமகள் பெயர் ஆங்கில எழுத்துகளாக நிற்கிறது, மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. சரி, எழுத்துருவை மறுபடி போட்டுச் சரிசெய்தால் வரி உடைந்து தாத்தா பெயர் பார்டர் மேல் ஏறுகிறது. கர்வ் செய்து, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, வைத்த கோப்பு என்றால் அச்சு அசலாக வரும், ஆனால் ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்த முடியாது. இதற்குப் பெயர் சி.டி.ஆர். ஆதரவாம்!

இலவச மென்பொருள் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் சி.டி.ஆர். கோப்பைத் திறப்பதே லிப்சிடிஆர் என்ற நிரல் நூலகத்தால்தான். கோப்பின் உள்ளமைப்பை யாரும் சொல்லித் தராமல், பைட் பைட்டாகப் பிரித்துக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கும்பிடு போடுகிறேன். வயிறு எரிவது, உள்ளமைப்பை வெளியிடாமல் வைத்திருக்கும் வழக்கத்தைப் பார்த்துத்தான். புத்தகப் பக்கம் கட்டப் பயன்பட்ட அடோபியின் பேஜ்மேக்கருக்கு என்ன ஆயிற்று? 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அது முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த அடோபி இன்டிசைன், சி.எஸ். 6 பதிப்பு வரை அதன் கோப்பைத் திறந்தது, அப்புறம் வந்த சி.சி. பதிப்பில் அந்த வசதியே இல்லை. தமிழில் எத்தனை புத்தகங்கள் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவை! மறுபதிப்பு என்றால் பல பேர் முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்கள், இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சாகவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி மாற்று சொல்ல வருகிறவர்கள் ஒரு பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்து, மாப்பிள்ளை பெயரை மாற்றி, அச்சுக்கான நாலு கலர் பிளேட்டுக்குப் போகிற மாதிரி பி.டி.எஃப். எடுத்துக் கொடுங்கள். அன்றைக்கே மாறிவிடுகிறேன்.