கேரளாவா தமிழ்நாடா என்ற பட்டிமன்றம் போதும், மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் செங்கோட்டையில் நாலு பேர் டீக்கடையில் நின்றால் ஆஸ்பத்திரிப் பேச்சு வராமல் இருக்காது. "புனலூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரும்வே, தரை எப்படி மின்னுதுன்னு" என்று கேரளத்தைத் தூக்கிப் பேசுவார் ஒருத்தர். "நம்ம ஹைகிரவுண்டுல பாக்காத கேஸா, அவன் அங்க என்னத்தைப் புதுசாக் கண்டுட்டான்" என்று திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்குவார் இன்னொருத்தர். டீ ஆறும் வரை ஓடும். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-ந் தேதிதான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு தாண்டிப் போய் வைத்தியம் பார்ப்பது எங்களுக்கு வெளியூர்ப் பயணமே கிடையாது. கான்சர் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி., இதயம் என்றால் ஸ்ரீசித்திரா, பிரசவம், விபத்து என்றால் தென்காசியோ திருநெல்வேலியோ. ஒரே வீட்டில் அம்மாவின் ஃபைல் அங்கேயும் அப்பாவின் ஃபைல் இங்கேயும் இருக்கும்.

கணக்கு பேச வேண்டும் என்றால் பேசலாம். நிதி ஆயோக்கின் 2019-20 சுகாதாரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் கேரளம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, நம்மிடம் 54, இந்தியாவுக்கு மொத்தமாக 97. 54-க்கும் 19-க்கும் இருக்கிற தூரத்தைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டியதுதான். இந்தியாவை விடத் தேவலை என்று தட்டிக் கொடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வருவது வேறு. நோயாளிக்குக் கேடு வருவது அதிகமும் ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருக்கும்போது அல்ல, கை மாறும்போது. ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்கு, ராத்திரி டூட்டி நர்ஸிடமிருந்து காலை டூட்டி நர்ஸுக்கு, வார்டிலிருந்து வீட்டுக்கு, எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு. அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை. அதனால் எந்தத் தரப்பட்டியலிலும் அது வருவதும் இல்லை.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷ சுகர். ஊரில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலில் ஆறாத புண் வந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்தார். நல்ல வைத்தியம், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகும். விரலைக் கூட எடுக்காமல் புண்ணை ஆற்றி அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி சுத்தமாக டைப் அடித்து, எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்றெல்லாம் போட்டிருந்தது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தச் சொல்லி மட்டும் ஒரு வரி இல்லை. சித்தி பாவம், என்ன செய்வார்? புதுசையும் கொடுத்தார், பழசையும் கொடுத்தார். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. உள்ளே இரண்டும் சுகரை இறக்கும் கிளிமிப்ரைடு என்ற ஒரே மருந்து.

ஒரு விடியற்காலம் மனுஷன் வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, கண் செருகிக் கிடந்தார். எல்லோரும் பக்கவாதம் என்றே நினைத்தோம். 108-ல் வந்த பையன் பேசாமல் விரலில் குத்திப் பார்த்தான். சுகர் 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "என்னடே, எல்லாரும் கூடி நிக்கிய?" என்றார். இந்த மாத்திரையின் வேகம் திரும்பவும் சுகரை இறக்கும் என்று ஒரு நாள் படுக்க வைத்துத்தான் விட்டார்கள்.

அங்கே கேட்டால், "நாங்கள் எழுதியதை மட்டும்தானே சாப்பிடணும்" என்பார்கள். இங்கே கேட்டால், "அங்கே போனதையே எங்களிடம் சொல்லலையே" என்பார்கள். இரண்டும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் சித்தப்பா.

இது எங்கள் வீட்டு விசேஷம் இல்லை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! அம்லாங், அம்லோபிரஸ், ஸ்டாம்லோ என்று மூன்று அட்டை வீட்டில் இருந்தால் மூன்று மருந்து என்றுதான் நினைப்போம். மூன்றும் அம்லோடிபின்தான். டாக்டர்கள் ஜெனரிக் பெயரில், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில், படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது 2016-ல். எத்தனை சீட்டில் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள்? கம்பெனிப் பெயர் இருக்கட்டும், பக்கத்தில் மருந்துப் பெயரையும் எழுதினால் போதும். பாதி விபத்து அங்கேயே நின்றுவிடும் என்பது என் கட்சி.

அதைவிடப் பயமாக இருப்பது ரத்தத்தை இளக்கும் மாத்திரை. ஸ்ரீசித்திராவில் 1990 டிசம்பரில் நம் நாட்டிலேயே உருவாக்கிய சித்திரா இதய வால்வை முதல் முறையாகப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அங்கே வால்வு வைத்துக்கொண்டு வந்தவர்கள் நம் பக்கத்து ஊர்களில் நிறைய. உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்ட ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அது வால்வைப் பொறுத்துச் சுமார் 2-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் எங்காவது கசியும். அப்படி ஒரு அக்கா களையெடுத்துவிட்டு மூட்டு வலி என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போய் உட்காருகிறாள். "ஒரு ஊசி போடுங்க டாக்டரே, நாளைக்கு வேலைக்குப் போகணும்." டைக்ளோஃபினாக் ஊசியும் ஐந்து நாள் வலி மாத்திரையும் கிடைக்கிறது. நெஞ்சில் தழும்பு இருப்பதை அவளும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. அசிட்ரோமும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுத்துப் போனால் அதையும் சூடு என்று இளநீர் குடிப்போம்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மாத்திரை. அதைத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கிப்போய்ச் செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்சுலினில் இன்னொரு பொறி. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் மருந்தில் 100 யூனிட். பேனா கெட்டுப்போச்சு என்று அந்த மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். இதை எந்த டிஸ்சார்ஜ் அன்றும் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பில் கட்டியாச்சா என்பதை மட்டும் மூன்று பேர் கேட்பார்கள்.

மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். நாலு மாத்திரை கேட்டால் அண்ணாச்சி கத்தரியை எடுத்து அட்டையில் நாலை வெட்டி, காக்கிக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று கிறுக்கித் தருவார். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் பல சமயம் கடையிலேயே தங்கிவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு மருந்தின் விவரம் சொல்லும் க்யூஆர் கோடு கட்டாயம் என்றார்கள். கத்தரிக்கு அது தெரியுமா? நம் கையில் வருவது பெயரில்லாத நாலு வெள்ளை மாத்திரை. நாளைக்கு அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்கும் டாக்டரிடம், "வெள்ளையா, வட்டமா, சின்னதா இருக்கும் சார்" என்போம். சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு வேண்டியது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் கேரளத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்பதைப் பிடிக்க 2024-ல் ஆபரேஷன் அம்ரித் என்று ரெய்டு தொடங்கினார்கள். ஆன்டிபயாட்டிக்கைத் தனியாக நீலக் கவரில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். சின்ன வேலைதான். படிக்கத் தெரியாத ஆளுக்கும், நீலக் கவர் என்றால் முழுசாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டிய மருந்து என்று விளங்கும். மலைக்கு இந்தப் பக்கம் கவரின் நிறம் இன்னும் காக்கிதான்.

அதற்காக அங்கே எல்லாம் பொன் என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் கோழிக்கோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கையில் இருந்த ஆறாவது விரலை எடுக்கப் போன நாலு வயசுக் குழந்தைக்கு நாக்கில் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். நம் பக்கம் 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த பையனுக்குத் தொற்று இருப்பது முன்னொரு முறை கொடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டியது. அந்தச் சேதி அவனிடமும் போகவில்லை, அடுத்து ரத்தம் எடுத்தவர்களிடமும் போகவில்லை. இரண்டிலும் கெட்ட மனுஷர் யாரும் இல்லை. கை மாறிய இடத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை விட்டுப்போகாமல் கேட்க வைப்பதற்குத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 வரிகள் கொண்ட ஒரு தாளை ஆபரேஷன் தியேட்டருக்காக வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், ஆளை வெளியே கொண்டுவரும் முன் என மூன்று நிறுத்தம். பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், பஞ்சும் துணியும் எண்ணியாச்சா. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. வாய் விட்டுக் கேட்டார்கள்.

பெயரைக் கேட்பது என்றதும் எங்கள் ஊர்ச் சங்கடம் ஒன்று. ஒரு வார்டில் மூன்று மாரியம்மாளும் இரண்டு சுடலைமுத்துவும் இல்லாத நாள் கிடையாது. கேரள நர்ஸ் வீட்டுப் பெயர் கேட்பார், நமக்கு அப்பா இனிஷியலைத் தவிர எதுவும் இல்லை. பிறந்த தேதி கேட்டால் வயசானவர்கள் ஆதாரில் பாதிக்கு ஜனவரி 1. "மாரியம்மாதானே?" என்று கேட்டால் காது மந்தமான கிழவி எதற்கும் தலையாட்டும். "உங்க பேர் என்ன பாட்டி?" என்று கேட்டு, அதன் வாயால் வரவழைத்து, கையில் கட்டிய பட்டையில் இருக்கும் நம்பரையும் பார்த்துவிட்டு ஊசி போடும் நர்ஸைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும். நம் ஆட்களோ, "எத்தனை தடவை இதையே கேப்பீக?" என்று சலித்துக்கொள்வார்கள். கேட்கட்டும் அண்ணாச்சி. கேட்காத இடத்தில்தான் பயப்படணும்.

தப்பு நடந்த பிறகு என்ன செய்கிறோம்? ஒருத்தரைச் சஸ்பெண்ட் செய்வோம், டிவியில் ஒரு நாள் ஓடும், முடிந்தது. கோழிக்கோட்டிலும் அதுதான், சாத்தூரிலும் அதுதான். பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த நர்ஸ் கற்றுக்கொள்ளும் பாடம், மாட்டிக்கொள்ளாதே என்பதுதான். மருந்து மாறிப்போச்சு, நல்ல வேளை முன்னாலேயே பார்த்தேன் என்பதை எந்த நர்ஸ் வெளியே சொல்வார்? வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தவரைத் தண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பது பேருக்கு ஒரே ஆளாக நின்று டூட்டி பார்த்தவரையும் அதே தராசில் வைக்காதீர்கள்.

இதற்கு வழி எங்கோ வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004-லிருந்து அரசோடு சேர்ந்து ஒவ்வொரு தாய் இறப்பையும் ஆராய்கிறது. அம்மாவின் பெயர் கிடையாது, டாக்டர் பெயர் கிடையாது, ஆஸ்பத்திரி பெயர் கிடையாது. எங்கே தாமதம், எதைக் கவனிக்கவில்லை, அடுத்து எப்படிச் செய்வது என்பது மட்டும். ரத்தப்போக்கில்தான் நிறைய உயிர் போகிறது என்று பார்த்து, அதற்குப் பயிற்சியை மாற்றினார்கள். 19 என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் படிப்பறிவு, போக்குவரத்து என்று எத்தனையோ உண்டு, ஆனால் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். தாய் இறப்பை ஆராயும் ஏற்பாடு நம் மாநிலத்திலும் உண்டு. மருந்து மாறியது, டிஸ்சார்ஜில் விட்டுப்போனது ஆகியவற்றுக்கும் அதே மாதிரி ஒன்று ஏன் கூடாது? பத்தில் ஒரு நோயாளி வைத்தியத்தாலேயே ஏதாவது ஒரு கேட்டுக்கு ஆளாகிறார், அதில் பாதி தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான ஆபா நம்பர் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். 14 இலக்கம், எந்த மாநிலத்தில் காட்டினாலும் நம் பழைய சீட்டெல்லாம் தெரியும் என்பது கணக்கு. வரட்டும், நல்லதுதான். இப்போதைக்கு நான் பார்த்தவரை ஓபி வரிசையில் டோக்கன் எடுக்கத்தான் அது பயன்படுகிறது.

அதுவரைக்கும் கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாக வரும் பெண்களிடம் கூடுதலாக ஒரு வேலை கொடுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள்: வீட்டில் இருக்கும் மொத்த மாத்திரைப் பையையும் கொட்டிப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் கிடக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரிடம் போட்டோ அனுப்புவது. டிஸ்சார்ஜ் சம்மரியில், இரண்டு மாநிலத்திலும், 'இவற்றை நிறுத்தவும்' என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கட்டும். நாமும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அரிசி, ஃபிளாஸ்க் எடுத்து வைக்கிற அக்கறையோடு எல்லா அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோவோம். ஒரு மாத்திரையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் நோயாளியே நேரடியாகச் சொல்ல 1800-180-3024 என்று மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. சொல்வதால் யார் வேலையும் போகாது.

அப்புறம், செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு: அட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால் பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பார்த்தால் உங்களுக்குத்தான் பெயர் தெரியுமே.