மலையேறி வரும் பக்கட்டுகள்

நுவரெலியா டவுனில் கடை வாசலில் தொங்கும் சிப்ஸ் பக்கட் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம் மாதிரி விறைத்து நிற்கும். அதே பக்கட் கொழும்பில் தொளதொளவென்று கிடக்கும். "காத்த அடைச்சு விக்கிறானுங்க" என்று நம்ம ஆட்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். பொரித்த பண்டத்தில் ஒட்சிசன் பட்டால் எண்ணெய் காறிப்போகும். அதைத் தடுக்கவும், வழியில் நொறுங்காமல் மெத்தை கொடுக்கவும்தான் அதை அடைக்கிறார்கள். கடல் மட்டத்தில் அடைத்த வாயு 1,868 மீற்றர் உயரத்துக்கு வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உள்ளே 100 மில்லிலீற்றர் இருந்தால் அது 125 ஆக விரியப் பார்க்கும். ஹட்டன் 1,271 மீற்றர்தான் என்பதால் அங்கே இந்த வீக்கம் கொஞ்சம் அடங்கும்.

டுபாய், குவைத், மலேசியா, ஜப்பான் என்று இப்போது நம்ம வீடுகளுக்கு எங்கிருந்தெல்லாமோ பண்டம் வருகிறது. வந்ததைத் தின்றுவிட்டு, அந்த நாட்டுது நல்லது, இந்த நாட்டுது சரியில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். மலையகத்தில் அந்தத் தீர்ப்பு பாதிக்கு மேல் தப்பு என்பதுதான் என் கருத்து. பக்கட் மேலே ஏறி வந்த வழி, வந்து சேர்ந்த ஊரின் ஈரம், நாம் அதைத் திறந்து வைத்த விதம், இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த வீக்கத்தையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கீழ்நாட்டில் அடைத்த சிப்ஸ், முறுக்கு, மிக்சர் பக்கட் நுவரெலியாவிலோ நானுஓயாவிலோ தொய்ந்து கிடந்தால் அதன் ஓரத்து ஒட்டில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கிக் காதருகே பிடித்தால் சீறல் கேட்கும். அதை வாங்க வேண்டாம், உள்ளே பதம் போயிருக்கும். பிஸ்கட், வேஃபர் மாதிரி இறுக்கிச் சுற்றியவற்றில் காற்றே குறைவு என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. ஈரமான பண்டங்களில்தான் கவனம் தேவை. கேக், ஊறவைத்த பழம், இறைச்சி போன்றவற்றின் பக்கட் கெட்டுப்போனாலும் ஊதும், உயரத்தாலும் ஊதும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரே பெட்டியில் வந்த மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் தனியாக ஊதியிருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள்.

ஊதிய பக்கட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழிக்காதீர்கள். படாரென்று வெடித்து, பாதி தரைக்குப் போகும். கத்தரிக்கோலால் மூலையில் ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, காற்று இறங்கிய பிறகு திறந்தால் போதும். அமெரிக்காவில் 1968-இல் விற்பனைக்கு வந்த பிரிங்கிள்ஸ் குழாயில் இந்தச் சிக்கல் குறைவு. குழாய் விறைப்பானது, மேலே இருக்கும் தகடு மட்டும் குமிழ் மாதிரி எழும்பும். இறம்பொடை வளைவுகளில் வான் வண்டிக்குள் உருண்டு வந்தாலும் நொறுங்காமல் வந்து சேர்வதில் அதற்கு நிகர் இல்லை. ருசியில் அதற்கு முதலிடம் கொடுக்க மாட்டேன். உலர்த்திய உருளைக்கிழங்கை மாவாக்கிப் பிசைந்து ஒரே அச்சில் வளைத்த பண்டம் அது. கிழங்கைச் சீவிப் பொரித்த ருசி அதில் வராது.

ஈரம்தான் பெரிய எதிரி. அதிலும் நம்ம மலையகம் முழுவதும் ஒரே காலநிலை இல்லை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையும் பனிமூட்டமும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் கச்சான் காற்று வரட்டிவிடும். மார்கழி தொடங்கிப் போனால் கதை தலைகீழ். ஒரே மிக்சரை ஓகஸ்டில் ஹட்டனில் திறந்து வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் நமுத்துவிடும், பண்டாரவளையில் மாலை வரை மொறுமொறுவென்று இருக்கும்.

இந்தியாவின் பிகானேர் நகரத்துப் புஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நரிப்பயறு மாவும் கடலை மாவும் சேர்த்துப் பிழிந்த, நூல் மாதிரி மெல்லிய பண்டம். பாலைவனக் காற்றில் பிறந்தது. அங்கே திறந்த தட்டில் கிடந்தாலும் தாங்கும். நம்ம மூட்டத்தில் மெல்லியது எல்லாம் முதலில் விழும். வியன்னாவின் மான்னர் வேஃபரும் அப்படித்தான். 1898-இலிருந்து வரும் பண்டம், ஐந்து தகடு, இடையில் நான்கு அடுக்கு ஹேசல்நட் கிரீம், 49 மில்லிமீற்றர் நீளம். ஒரு கடியில் முடிய வேண்டும் என்று அளந்து செய்தது. திறந்த பக்கட்டை அன்றைக்கே முடிக்காவிட்டால் தகடு சவ்வாகிவிடும். தாய்லாந்துக் கடற்பாசி வறுவல் எல்லாவற்றையும் விட மோசம், திறந்து பத்து நிமிடத்திலேயே நாக்கில் ஒட்டும். ஆகவே சின்ன பக்கட்டாகவே வாங்குங்கள்.

ஜப்பானின் பொக்கி, சொக்லேட் தோய்த்த பிஸ்கட் குச்சி, 1966-இல் வந்தது. குச்சி முறியும் சத்தத்துக்கு அந்த ஊரில் சொல்லும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதனால் அந்தப் பண்டத்துக்குப் பரீட்சையும் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒரு குச்சியை எடுத்துக் காதருகே முறியுங்கள். சத்தம் வந்தால் பதம் சரி. வளைந்து முறிந்தால் பக்கட் எங்கேயோ ஈரம் குடித்திருக்கிறது.

வைக்கும் விதம் இதுதான். காலியான பால்மா டின்னைக் கழுவி, வெயிலிலோ அடுப்படிச் சூட்டிலோ முழுதாகக் காயவிடுங்கள். ஒரு பிடி பச்சரிசியை வெறும் தாச்சியில் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிந்து அடியில் போடுங்கள். சூட்டோடு போட்டால் டின்னுக்குள் வியர்க்கும். பக்கட்டின் வாயை இரண்டு மடிப்பு மடித்து, உடுப்புக் கிளிப் ஒன்றைப் போட்டு உள்ளே வையுங்கள். ஈரமான கையை விட்டு அள்ளாதீர்கள். பக்கட்டுக்குள்ளே வரும் சின்னப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மணி மணியாக இருந்தால் அது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். தூளாக இருந்தால் பெரும்பாலும் ஒட்சிசனை இழுக்கும் இரும்புத்தூள். இரண்டும் தின்பதற்கு இல்லை.

நமுத்துப் போனதை எறியவும் வேண்டாம். முதலில் முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. வாடை இல்லாவிட்டால் கனமான தாச்சியைச் சின்ன நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல், ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். இறக்கியவுடன் ஒன்றைக் கடித்துப் பார்த்து "சரிவரல்ல" என்று மறுபடி அடுப்பில் போடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. சூட்டில் மெதுவாகத்தான் இருக்கும், முழுதாக ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். சீனி பூசியது, கிரீம் வைத்தது எதையும் இப்படிச் செய்ய வேண்டாம், அடிப்பிடிக்கும்.

சொக்லேட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிந்து வீட்டு வேலை செய்த ஒரு தாய் வாங்கி வரும் சொக்லேட், திறந்து பார்க்கும்போது வெள்ளை பூத்திருக்கும். "பூஞ்சணம் புடிச்சிருச்சி" என்று குப்பையில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். சொக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். விமான நிலையத்து வெளியில், வெயிலில் நிறுத்திய வானில், அந்தச் சூடு எளிதாக வரும். அங்கே இளகியது கினிகத்தேனை தாண்டிக் குளிருக்கு வந்ததும் தன்பாட்டில் உறையும். தொழிற்சாலையில் பக்குவமாக உறையவைத்த ஒழுங்கு போய், கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். விரலால் தேயுங்கள். வெள்ளை மறைந்து பளபளத்தால் அது கொழுப்பு. சொரசொரப்பாக இருந்து, ஒரு துளி தண்ணீரில் கரைந்தால் சீனி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறந்ததால் வியர்த்து வந்த வேலை அது. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. பஞ்சு மாதிரி மயிர் முளைத்து, மக்கல் வாடை அடித்தால் மட்டும்தான் பூஞ்சணம்.

பூத்த சொக்லேட்டை அப்படியே தின்றால் மணல் மாதிரி இருக்கும், உண்மைதான். அதைச் சொக்லேட் பிஸ்கட் புடிங் ஆக்கிவிடுங்கள். 200 கிராம் சொக்லேட்டையும் 75 கிராம் பட்டரையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். உள்ளே ஒரு துளி தண்ணீர் தெறித்தாலும் கட்டி தட்டும். மாரி பிஸ்கட்டை வெதுவெதுப்பான பாலில் ஒரு விநாடி நனைத்து அடுக்கி, மேலே சொக்லேட், மறுபடி பிஸ்கட் என்று நான்கு ஐந்து அடுக்கு. நுவரெலியாக் குளிரில் ஓர் இரவு மேசையில் மூடி வைத்தாலே இறுகிவிடும்.

இலங்கையில் சொக்லேட் வைக்க நம்ம மலையை விட நல்ல இடம் இல்லை. 15 முதல் 18 பாகை வரை அதற்கு ஏற்ற சூடு, நுவரெலியா வீட்டு இராக்கையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. விறகு அடுப்புக்குப் பக்கத்திலும் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலும் மட்டும் வைக்காதீர்கள். கொழுப்பு வாடையைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானின் பச்சைத் தேயிலைக் கிட்கட்டில் இருப்பது வெள்ளைச் சொக்லேட். புகை ஏறினால் தேயிலை வாசம் முழுதாகச் செத்துவிடும். தேயிலைக்குள் வாழ்கிற நமக்கு அந்தக் கிட்கட் ஒரு நல்ல பாடம். கசப்பையும் இனிப்பையும் சமமாக நிறுத்தியிருக்கிறார்கள், எனக்கு அதன் சிவப்பு உறைக்காரனை விட இதுவே மேல்.

கொரியாவின் சொக்கோ பை மாதிரி மெத்துப் பண்டங்களுக்கு நிலைமை எதிர்மாறு. ஈரம் அவற்றைக் கெடுப்பதை விடக் கச்சான் காற்று சீக்கிரம் காயவைத்துவிடும். தனித்தனி உறையைத் தின்னும்போதுதான் பிரிக்க வேண்டும். விரதக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களும் இந்த இனத்தில் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். ஹரிபோ கரடி மிட்டாய் ஜெர்மனியில் செய்தது என்றால் பன்றி ஜெலட்டின், துருக்கியில் செய்தது என்றால் மாட்டு ஜெலட்டின். உறை ஒரே மாதிரி இருக்கும், செய்த நாட்டைப் படியுங்கள். இ120 என்று இருந்தால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நிறம்.

திகதியிலும் ஏமாறக் கூடாது. அமெரிக்கப் பக்கட்டில் 03/05 என்றால் மார்ச் 5, நமக்கு அது மே 3. ஜப்பானில் வருடம் முதலில் வரும். தாய்லாந்தில் பௌத்த வருடம் போட்டிருந்தால் 543-ஐக் கழியுங்கள், 2568 என்பது 2025.

தோட்டத்துக் கடையில் இருக்கும் மாரியும் கிரீம் கிரேக்கரும் நம்ம ஊர்ப் பண்டம் என்றே நினைக்கிறோம். மாரி 1874-இல் ஓர் அரச கலியாணத்துக்காக லண்டனில் செய்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தை நட்டு அப்போது ஏழு வருடம்தான். கிரீம் கிரேக்கர் 1885-இல் அயர்லாந்தில். மாரியைத் தேத்தண்ணியில் தோய்த்தால் இரண்டு விநாடிக்கு மேல் விடாதீர்கள், மாவைப் பிடித்து வைத்திருக்கும் சீனி கரைந்து துண்டு அடியில் போய்விடும். கிரேக்கருக்குத் தோய்ப்பு வேண்டாம், கட்டச் சம்பல்தான் அதற்குச் சரி. ஓமான் சிப்ஸை வளைகுடாவில் பரோட்டாவுக்குள் நொறுக்கிப் போட்டுச் சுருட்டுகிறார்கள். நம்ம தேங்காய் ரொட்டிக்குள் போட்டால் அதைவிட நன்றாக இருக்கும். தின்னப் போகும் நிமிடத்தில் போடுங்கள், முன்னாலே போட்டால் ரொட்டியின் ஆவி சிப்ஸை நமுக்கவைத்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் டிம் டாம் சொக்லேட் பிஸ்கட்டின் எதிரெதிர் மூலைகளைக் கடித்துவிட்டு, அதையே குழாயாக வைத்துத் தேநீர் உறிஞ்சுவார்கள். நம்ம குளிரில் பிஸ்கட் இறுகியிருந்தால் உள்ளே இளகாது. பக்கட்டோடு கேத்தல் மூடிமேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள்.

என் முதலிடம் நெதர்லாந்தின் ஸ்ட்ரூப்வாஃபலுக்கு. இரண்டு மெல்லிய வாஃபல் தட்டு, நடுவில் கருஞ்சீனிப் பாணி. அது தேநீருக்கென்றே செய்த மாதிரி, கோப்பையின் வாயில் மூடியாக வைக்க வேண்டிய பண்டம். தகரக் கோப்பை வேண்டாம், சீக்கிரம் ஆறும். தடித்த மக் எடுங்கள், வாய் வாஃபலை விடச் சின்னதாக இருக்க வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், ஊற்றிய கையோடு மூடுங்கள், தேத்தண்ணிக்கும் வாஃபலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. இரண்டு நிமிடம். மேல்தட்டு மொறுமொறுப்பு விடாமல் இருக்கும், கீழ்த்தட்டு மெத்தென்று ஆகும், ஓரத்தில் பாணி கசிந்து மினுங்கும்போது எடுத்துவிடுங்கள். இன்னும் விட்டால் நடுவில் தொய்ந்து கோப்பைக்குள் விழும். பிளேன்டீக்கு அன்றைக்குச் சீனி போடாதீர்கள், சாயம் கொஞ்சம் கடுமையாக இருக்கட்டும்.