வெள்ள வரைபடத்தின் மூலையில் ஒரு தேதி

கடலோர வெள்ள வரைபடம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது நீல நிறத்தை அல்ல, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆண்டைத்தான். இந்த அளவை எப்போது எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள்? கூட இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டுகிறது. பரவாயில்லை.

2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது அந்த நகரம் நம்பியிருந்த வெள்ள வரைபடத்தின் அடிப்படைக் கணக்கு 1983ஆம் ஆண்டினுடையது. நடுவில் 2007இல் டிஜிட்டலாக மாற்றினார்கள். மாறியது தாள்தான், கணக்கு இல்லை. வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதியைச் சுற்றிப் போட்ட கோட்டுக்கு உள்ளே வீட்டுக்கடன் வாங்கியவருக்குத்தான் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வெளியே இருப்பவர் கவலையில்லாமல் இருந்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டிப் போய் அவர் வீட்டுக்குள்ளும் புகுந்தது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் 99 வருடம் நிம்மதி என்றே பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில், அது ஒவ்வோர் ஆண்டும் 100க்கு 1 வாய்ப்புள்ள வெள்ளம். 30 வருடக் கடனில் வீடு வாங்கினால், கடன் அடைப்பதற்குள் ஒருமுறையாவது அது வர சுமார் 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த 100க்கு 1 என்பதும் பழைய கடல்மட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு.

கடல் அதே இடத்தில் நிற்கவில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியது. 1971 வரை வருடத்துக்கு 1.3 மி.மீ. என்றிருந்த வேகம், 2006க்குப் பிறகு 3.7 மி.மீ. ஆகிவிட்டது. 20 செ.மீ. என்றால் ஒரு சாண்தானே என்று சிரிக்கலாம். ஆனால் புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அந்த ஒரு சாணுக்கு மேலே ஏறி நிற்கிறது. சாதாரணப் பெரிய கடல் ஏற்றத்துக்கும் (ஓதம்) மிக மோசமான வெள்ளத்துக்கும் உயர வித்தியாசம் குறைவாக உள்ள கடற்கரைகளில், அந்த ஒரு சாணே நூறாண்டு வெள்ளத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளமாக்கிவிடும். 2100க்குள், உலகில் கடல்மட்டம் அளக்கும் இடங்களில் பாதிக்கு மேல், நூறாண்டுக்கு ஒருமுறை வந்தது வருடத்துக்கு ஒருமுறையாவது வரும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று. வியட்நாமின் மேகாங் டெல்டா. கடலிலிருந்து சராசரியாக 2.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று உலக அளவிலான செயற்கைக்கோள் தரவை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, உள்ளூரில் தரையில் எடுத்த அளவுகளை உள்ளூர்க் கடல்மட்டத்தோடு பொருத்திப் பார்த்தது. கிடைத்த சராசரி 0.8 மீட்டர்! கடல் ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஸ்கேலில் பூஜ்யத்தைத் தவறான இடத்தில் வைத்திருந்தோம், அவ்வளவுதான். 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த ரேடார் உயர அளவுகளுக்கும் இதுபோல ஒரு குறை உண்டு. ரேடார் அலை பல இடங்களில் தரையைத் தொடவே இல்லை. மர உச்சியிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிவிட்டது. மாங்குரோவ் காட்டின் தலையைத் தரை என்று எடுத்துக்கொண்டால் எந்த வெள்ளமும் அங்கே எட்டாதுதான்.

தரையும் சும்மா இருப்பதில்லை. ஜகார்த்தாவில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச நகரம் இறங்குகிறது. ஸ்டாக்ஹோமில் பனியுகத்தில் மேலே கிடந்த பனியின் பாரம் நீங்கிய தரை இன்னும் எழும்பிக்கொண்டிருப்பதால், அங்கே கடல் இறங்குவது போலத் தெரிகிறது. உலகச் சராசரியை அப்படியே எடுத்து ஓர் ஊர்த் திட்டத்தில் ஒட்டுவதில் அர்த்தமில்லை.

சரி, என் நண்பர் ஒருவர் விடாமல் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “அறிக்கைக்கு அறிக்கை எண்ணை மாத்துறாங்க. எதை நம்பிச் சுவர் கட்டறது?” நியாயமான கேள்விதான். ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கை இந்த நூற்றாண்டின் இறுதிக்கு 18 முதல் 59 செ.மீ. வரை சொன்னது. 2021 அறிக்கையில், பசுங்குடில் வாயு உமிழ்வு மிக அதிகமாக இருந்தால் 63 முதல் 101 செ.மீ.; கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பனிப்படலங்கள் எதிர்பாராமல் நிலைகுலைந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது. (ஒப்பிடும் அடிப்படை ஆண்டுகள் வேறு என்பதால் இரண்டையும் நேராகக் கழிக்கக் கூடாது.) பனிப்படலம் வேகமாக நகர்ந்து கடலில் சேர்வதை முழுதாகக் கணக்கில் சேர்க்கவில்லை என்று 2007இலேயே எழுதியிருந்தார்கள். அட்டவணையைப் பார்த்தவர்கள் அதன் கீழே இருந்ததைப் படிக்கவில்லை.

எண் மாறுவது எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. மாறும் எண்ணுக்கு இடம் வைக்காமல் திட்டத்துக்குப் பூட்டுப் போடுவதுதான் பிரச்சினை. லண்டனைப் பாருங்கள். 2012இல் வந்த தேம்ஸ் முகத்துவார வெள்ளத் தடுப்புத் திட்டம் 2100 வரை ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கவில்லை. கடல்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரு, இந்த அளவைத் தொடும்போது இந்த வேலை, அதற்கு இத்தனை வருடம் முன்பே ஏற்பாடு என்று அடுக்கிவைத்தது. பத்து வருடத்துக்கொருமுறை மறுபரிசீலனை. 2023இல் புதுப்பித்தபோது, தேம்ஸ் தடுப்பணைக்கு மேல்பக்கக் கரைகளை உயர்த்தும் காலக்கெடுவை 2065இலிருந்து 2050க்கு முன்னே இழுத்தார்கள். ‘கணக்கு தப்பிவிட்டது’ என்று சிலர் இதைப் படிப்பார்கள். எனக்கென்னவோ திட்டம் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது என்றே படுகிறது. 1953இல் ஒரே வெள்ளத்தில் 1,836 பேரைப் பறிகொடுத்த நெதர்லாந்து, முக்கியக் கரைகள் ஒவ்வொன்றையும் 12 வருடச் சுற்றில் சோதிக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது.

எத்தனை மீட்டர் சுவர் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஓதம் ஏறிய நேரத்தில் மழைநீர் வடிகாலின் வாய் கடலுக்குள் மூழ்கிவிட்டால் தண்ணீர் பின்பக்கமாகத் தெருவுக்கு வரும். முதலில் கேட்பது: அடுத்த திருத்தம் எந்த வருடம், யார் பொறுப்பு, அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா? அப்புறம், துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவி வேலை செய்கிறதா? சுவரின் விலைக்கு முன்னால் அந்தக் கருவியின் பராமரிப்புச் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் அது இரண்டு வருடம் பழுதாகிக் கிடந்தால், அந்த இரண்டு வருடக் கடலைப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அளந்து வாங்க முடியாது.