பாலாறு வழக்கு 1996-லேயே முடிந்துவிடவில்லை
பாலாற்றில் கலக்கும் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்போடு முடிந்தது, இனி பாலாற்றை எந்தக் கோர்ட்டும் கண்டுகொள்ளாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியல்ல நண்பரே. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். முக்கியமாக, உத்தரவு நிறைவேறுகிறதா என்பதை நீதிமன்றமே தொடர்ந்து கண்காணிக்கும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மழைக்கு ஆற்றில் நுரை பொங்கும்போது புகார் எழுத நமக்கு இதுதான் பிடிமானம். உச்ச நீதிமன்ற இணையதளத்தின் தீர்ப்புகள் பகுதியில் அந்தத் தேதியைப் போட்டுத் தேடுங்கள். தீர்ப்பின் பின்பகுதியில் உத்தரவுகளை நீங்களே படிக்கலாம்.