டிரான்சிஸ்டர் பறக்கும் தட்டிலிருந்து வந்ததல்ல

1947 ஜூலையில் அமெரிக்காவின் ராஸ்வெல் அருகே விழுந்த பறக்கும் தட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் மின்சைகையைப் பெருக்கும் சிறு மின்னணுக் கருவியான டிரான்சிஸ்டரை உருவாக்கினார்கள் என்றொரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. அது உண்மையல்ல.

டிரான்சிஸ்டருக்கு அடிப்படையான குறைகடத்திகள் (மின்சாரத்தை ஓரளவு மட்டுமே கடத்தும் பொருள்கள்) பற்றிய ஆய்வு அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. 1874-இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் சில படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையில் எளிதாகக் கடத்துவதைக் கண்டார். ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலைகளை உணரும் கலீனா (ஈயத் தாது) படிகக் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் திடப்பொருள் கருவிக்கு இயற்பியலாளர் லிலியன்ஃபெல்டின் காப்புரிமை 1930-இல் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் பணிகளால் ஜெர்மானியம் என்ற குறைகடத்தியும் தூய்மையாகக் கிடைத்தது. அந்த அடித்தளத்தின் மீதுதான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர்கள் பார்டீனும் பிராட்டெய்னும், முக்கோணப் பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிய தங்கத் தகட்டை முனையில் மெல்லியதாகக் கீறி, ஜெர்மானியத்தின் மேல் அழுத்தி, 1947 டிசம்பரில் மின்சைகையைப் பெருக்கிக் காட்டினார்கள். பலமுறை தோற்று, காரணம் தேடி அடைந்த வெற்றி அது. அந்த உழைப்பை மறைப்பதுதான் இச்செய்தியின் பெரிய தீங்கு.

பார்டீன், பிராட்டெய்ன், அவர்களோடு பரிசைப் பகிர்ந்த பெல் ஆய்வக இயற்பியலாளர் ஷாக்லி ஆகிய மூவரின் 1956 நோபல் உரைகள் நோபல் பரிசு இணையதளத்திலும், காப்புரிமைகள் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ராஸ்வெல்லில் கிடைத்தவை ரகசிய பலூன் திட்டத்தின் சிதைவுகள் என்பதை அமெரிக்க விமானப்படையின் 1994 அறிக்கை விளக்குகிறது. இச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.