இணையம்தான் அட்டையைக் கொண்டுவந்தது
"மின்னஞ்சல் வந்ததும் வெளிநாட்டு அஞ்சலட்டை நட்பு முடிந்துபோனது" என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு இந்தப் பழக்கமே இணையத்தால்தான் வந்தது. போர்ச்சுகலில் 2005-ல் தொடங்கிய போஸ்ட்கிராசிங் என்ற அஞ்சலட்டைப் பரிமாற்ற இணையதளத்தில் கேட்டால், முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் அட்டையில் எழுத ஓர் எண்ணும் வரும். நம் அட்டை போய்ச் சேர்ந்து, அதில் எழுதிய எண்ணை அவர் தளத்தில் பதிந்ததும், நம் முகவரி வேறு யாருக்கோ போகும்; அவர் நமக்கு அட்டை போடுவார். பாளையங்கோட்டையிலிருந்து பின்லாந்து வரை போட்டிருக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில். திருநெல்வேலியில் அல்வா கிடைக்கிற மாதிரி நம் ஊர்ப் படம் போட்ட அட்டை கிடைக்காது. உடன்குடிப் பக்கம் நானே எடுத்த பனங்காட்டுப் படத்தை ஸ்டுடியோவில் கெட்டித்தாளில் போட்டு அனுப்பினேன். "அழகான தென்னை மரங்கள், நன்றி" என்று அட்டையைப் பெற்ற வெளிநாட்டு அம்மா எழுதியிருந்தார்! பதநீர், கருப்பட்டி, ஓலைப்பெட்டி என்று பனை புராணம் முழுக்க எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 50 காசு தபால் கார்டையே அனுப்பலாமே என்கிறார். அது உள்நாட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் கட்டணம் தனி, அதற்குரிய தபால்தலை ஒட்ட வேண்டும். தலை ஒட்டினாலும் போதாது. பார்த்துப் பார்த்து ஒட்டிய தலையைக் கவுன்டரில் இருந்தவர் ஒருமுறை பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டார். சேகரிப்பவர்கள் விரும்புவது தெளிவாக விழுந்த வட்ட முத்திரையை. அப்புறம் முத்திரை விழும்வரை நான் அங்கேயே நின்றுவிடுவேன்.