உப்பு: தேவையான அளவு

(பாளையங்கோட்டை. அத்தை வீட்டு அடுக்களை. அத்தை அருவாமணையில் அவரைக்காய் நறுக்குகிறார். மருமகன் மடியில் லேப்டாப். அத்தையின் வாட்ஸப் சமையல் குழுவுக்கு ஒரு போட்டி தயாராகிறது.)

அத்தை: எழுதுல. மர்மப் பொருள் சமையல் போட்டி. பொருள், பிரண்டை.

மருமகன்: பொருளைத் தலைப்புலயே போட்டா மர்மம் எங்க அத்தை இருக்கு?

அத்தை: சரி, ரெண்டாவது வரியில போடு.

மருமகன்: பிரண்டையே வேண்டாம். 23 பேர் பேர் குடுத்திருக்காங்க. அதுல ஒம்பது பேர் டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி. அவங்க பிரண்டைக்கு எங்க போவாங்க?

அத்தை: வேலியில கெடக்கும்.

மருமகன்: டொராண்டோ வேலியில பனிதான் கெடக்கும். கிடைச்சாலும் கையில நல்லெண்ணெய் தடவாம நார் உரிச்சா அரிப்பு. முத்தின தண்டைப் போட்டு, சரியா வதக்காம, புளி சேர்க்காம அரைச்சா நாக்கு, தொண்டை எல்லாம் நமைச்சல். ஜெயிச்சவங்களுக்குப் பரிசு, தோத்தவங்களுக்குக் களிம்புன்னு அனுப்ப வேண்டியிருக்கும்.

அத்தை: பனங்கிழங்கு?

மருமகன்: தையும் மாசியும் போனா நம்ம மார்க்கெட்லயே கிடையாது.

அத்தை: வாழைப்பூ?

மருமகன்: ஒவ்வொரு பூவுக்குள்ளயும் வேகாத நரம்பா ஒரு கள்ளன் இருக்கான். 23 வீட்டுலயும் கள்ளன் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கான்னு யாரு பாக்குறது? பொருள்னா எல்லா ஊர்லயும் கிடைக்கணும், வருஷம் முழுக்கக் கிடைக்கணும், விலை மலிவா இருக்கணும், வச்சிருந்தா கெடக் கூடாது. ஆனா பக்குவம் தெரியாமத் தொட்டா ஆளைக் கவுத்துரணும்.

அத்தை: உங்க மாமாவச் சொல்லுதியா?

மருமகன்: வெந்தயத்தச் சொல்றேன்.

அத்தை: அது அஞ்சறைப்பெட்டியில கெடக்கது. அதுல என்னல மர்மம்?

மருமகன்: அதான் விஷயம். எல்லாரும் தாளிப்புல கால் ஸ்பூன் போட்டு விட்டுருவாங்க. நாலு பேர் சாப்புடுற பதார்த்தத்துல குறைஞ்சது 20 கிராம் இருக்கணும்னு நாம விதி போடுறோம்.

அத்தை: இருவது கிராமா! ஏல, அது சமையலா கஷாயமா?

மருமகன்: முடியாதா?

அத்தை: யாரப் பாத்து கேக்குத? அரிசி நானூறு கிராம், வெந்தயம் இருவது கிராம், ரெண்டையும் தனித்தனியா ஆறு மணி நேரம் ஊறப் போடு. வெந்தயத்த முதல்ல ஆட்டணும். தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமாத் தெளிச்சு ஆட்டுனா நுரைச்சுப் பொங்கி வரும். மொத்தத் தண்ணியையும் ஒரே போக்குல ஊத்துனா வழவழன்னு கெடக்குமே தவிர பொங்காது. பெறவு அரிசிய ஆட்டிக் கலந்து, ராத்திரி புளிக்க விட்டு, கல்லுல கனமா ஊத்தி மூடிப் போட்டுரு. திருப்பவே கூடாது. உளுந்து ஒரு பொட்டு கூட வேண்டாம், பஞ்சு மாதிரி வரும்.

மருமகன்: அந்த வழவழப்புதான் காத்தப் பிடிச்சு வச்சுக்குது. டொராண்டோவுல ராத்திரிக்குள்ள புளிக்காதே?

அத்தை: ஓவன மூட்டாம, உள்ள லைட்ட மட்டும் போட்டு மாவ வைக்கச் சொல்லு. பதினாலு மணி நேரம் ஆவும். அதில்லாம, வறுத்துப் பொடிக்கவங்கதான் நெறையப் பேரு தோப்பாவ, பாரு. வெந்தயம் மஞ்சள்லருந்து பொன்னெறத்துக்கு வரும்போது ஒரு வாசம் வரும். அப்பவே தட்டுல கொட்டிரணும். அடுப்ப அமத்திட்டு சட்டியிலயே போட்டு வச்சா, அந்தச் சூட்டுலயே செவந்துரும். செவந்துட்டா கசப்பு பேயாட்டம் ஆடும். பொறவு கருப்பட்டிய எவ்வளவு தட்டிப் போட்டாலும் எறங்காது.

மருமகன்: இது மொத்தமும் ரகசியம். போட்டி முடியுற வரைக்கும் குழுவுல வாயத் திறக்கக் கூடாது.

அத்தை: நான் என்னைக்குல வாயத் தெறந்தேன்?

மருமகன்: அப்புறம் ஒண்ணு. பேர் குடுக்கும்போதே ஒவ்வாமை என்ன இருக்குன்னு கேட்டு வாங்கிரணும். பொருள் என்னன்னு சொன்ன பிறகு கேட்டா லேட். வெந்தயமும் பயறு வகைதான். வேர்க்கடலை ஒத்துக்காதவங்க சிலருக்கு இதுவும் ஒத்துக்காது. சுகர் மாத்திரை போடுறவங்க இவ்வளவு சாப்பிட்டா சர்க்கரை தாழ்ந்து போகலாம். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் இந்த அளவு வேண்டாம். அவங்களுக்கெல்லாம் மாத்துப் பொருள் சீரகம்.

அத்தை: சாப்பிட்ட மறுநாள் வேர்வை மணக்கும்னும் எழுதிப் போடு.

மருமகன்: டொராண்டோக்காரங்களுக்கு அது மேப்பிள் பாகு வாசம். வெந்தயத்துல இருக்கிற சோட்டோலோன்ங்கிற வேதிப்பொருள் பண்ற வேலை. 2005லேருந்து நியூயார்க்ல அப்பப்போ தெருத்தெருவா மேப்பிள் பாகு மணம் அடிச்சு, என்னமோ ஏதோன்னு ஜனங்க போன் போட்டு அரசாங்கத்தைக் கேட்டிருக்காங்க. 2009ல கண்டுபிடிச்சாங்க. பக்கத்துல நியூ ஜெர்சியில ஒரு வாசனைப் பொருள் ஆலை, உள்ள வெந்தயம்.

அத்தை: நாலு வருசமா? நம்ம தெருவுல ஒரு ஆச்சியக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தா நாலு நிமிசத்துல சொல்லியிருப்பா.

மருமகன்: சரி, நேரம். ஜப்பான் டிவியில 1993ல இந்த மாதிரிப் போட்டி ஆரம்பிச்சாங்க. ஒரு பொருள், ஒரு மணி நேரம்.

அத்தை: ஒரு மணி நேரத்துல வெந்தயம் ஊறக்கூடச் செய்யாது.

மருமகன்: அதனால கடிகாரப் போட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி 7.30க்குப் பொருளை அறிவிக்கிறோம். இப்ப இருக்கிற கணக்குக்கு லண்டன்ல மத்தியானம் மூணு, டொராண்டோவுல காலை பத்து, சிங்கப்பூர்ல ராத்திரி பத்து, சிட்னியில நடுச்சாமம்.

அத்தை: சிட்னிக்காரி முழிச்சிருந்து பாப்பாளா?

மருமகன்: பாக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது வரைக்கும் நேரம் இருக்கு. ஊறவும் புளிக்கவும் தாராளம். ஒரு துண்டுச் சீட்டுல அன்னைக்கு நாம குடுக்கிற ரகசியச் சொல்லை எழுதிப் பாத்திரம் பக்கத்துல வச்சு மூணு படம் எடுக்கணும். பச்சையா ஒண்ணு, பாதியில ஒண்ணு, முடிச்ச பிறகு ஒண்ணு. இல்லன்னா போன தீபாவளிப் படம்லாம் வந்துரும்.

அத்தை: அது கெடக்கட்டும். ருசிக்கு எப்பிடில மார்க்கு? படத்த நக்கியா பாக்க முடியும்?

மருமகன்: அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு. ஒருத்தர் எழுதி அனுப்புற குறிப்பை இன்னொருத்தர் அவங்க வீட்டுல சமைச்சுப் பாத்து மார்க் போடணும். அதுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம்.

அத்தை: ரெண்டு ரெண்டு பேராச் சேத்து விட்டா நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுதேன்னு போயிருமே.

மருமகன்: அதனால சோடி கிடையாது, வட்டம். சீட்டுக் குலுக்கி வரிசை போடுறோம். ஒண்ணாம் நம்பர் எழுதினதை ரெண்டு சமைக்கணும், ரெண்டு எழுதினதை மூணு. கடைசியில 23 எழுதினதை ஒண்ணு. குறிப்புல பேர் இருக்காது. 23 ஒத்தைப்படையா இருந்தாலும் யாரும் மிச்சமாக மாட்டாங்க.

அத்தை: நடுவுல ஒருத்தி காய்ச்சல்னு படுத்துட்டா?

மருமகன்: போட்டியில சேராத ரெண்டு பேரை மாத்து ஆளா வச்சுக்கணும். இல்லன்னா வடம் அறுந்த தேர் மாதிரி அங்கனயே நின்னுரும். அடுத்தவங்க சாமானெல்லாம் வாங்கணும்ல, அதனால உப்பு, எண்ணெய், தண்ணி நீங்கலா பத்துப் பொருளுக்கு மேல போகக் கூடாது. வட்டத்துல சைவக்காரங்களும் இருக்கிறதால எல்லாருக்கும் சைவம்.

அத்தை: வெந்தயத்துக்கும் மீன் கொழம்புக்கும் உள்ள பொருத்தம் தெரியுமாலே உனக்கு?

மருமகன்: தெரியும். அடுத்த தடவை.

அத்தை: நெஞ்சு ஆறல. சரி, எழுது.

மருமகன்: மார்க் மொத்தம் 50. ருசிக்கு 20. வெந்தயம் முன்னுக்கு நிக்குதான்னு 15. எழுத்துக்கு 10. படத்துக்கு 5.

அத்தை: எழுத்துக்குப் பத்தா? இது சமையல் போட்டியா, கட்டுரைப் போட்டியா?

மருமகன்: சிட்னியில சமைக்கிறவங்களுக்கு உங்க கை போய்ச் சேராது அத்தை, காகிதம்தான் போய்ச் சேரும். சமைக்கிறவங்க எழுதினவங்ககிட்ட போன் போட்டுக் கேக்கவும் கூடாது. சந்தேகம் வந்தா குறிச்சு வைக்கணும். ஒரு சந்தேகத்துக்கு ஒரு மார்க் எழுத்துலேருந்து போச்சு. "கொஞ்சம்", "ஒரு கை", "பதமா", "தேவையான அளவு", நாலு வார்த்தைக்கும் தடை.

அத்தை: தேவையான அளவுக்குத் தடையா? பொறவு உப்ப எப்பிடில எழுதுவாவ?

மருமகன்: கிராம்ல.

அத்தை: எங்க அம்மை எனக்கு உழக்கும் ஆழாக்குமாத்தான் சொல்லிக் குடுத்தா.

மருமகன்: ஆழாக்கு 168 மில்லி. குக்கரோட வர்ற கப்பு 180. கடையில விக்கிற கப்பு 240, சிலது 250. எவர்சில்வர் டம்ளருக்குக் கணக்கே கிடையாது, கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். டேபிள்ஸ்பூன் நம்ம பக்கம் 15 மில்லி, ஆஸ்திரேலியாவுல 20. ஒரு கப் அரிசிக்கு அஞ்சு கப் தண்ணின்னு விகிதமா சொன்னா தப்பிச்சுக்கலாம். ஒரு கப் அரிசிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன்னு வெந்தயத்தைச் சொன்னா சிட்னிக்காரங்க வாய் கசந்து போகும்.

அத்தை: உப்பு?

மருமகன்: பொடி உப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராம் கிட்ட வரும். கல் உப்புல நடுவுல நடுவுல காத்து. அதே ஸ்பூன்ல எடை குறையும், எவ்வளவு குறையும்கிறது கல்லப் பொறுத்தது. கிராம் தராசு ஒண்ணு எல்லாரும் வாங்கியாகணும். மாதிரிக் குறிப்பு ஒண்ணு போட்டுருவோம், பாத்து எழுதுவாங்க. நீங்க சொல்லுங்க, நான் தட்டுறேன்.

அத்தை: வெந்தயக் களி...

மருமகன்: வெந்தயம் இல்லாதது அத்தை!

அத்தை: இட்லி மாவு.

மருமகன்: அதுலயும் ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுவீங்க.

அத்தை: சொதி. நம்ம ஊர் சொதியில வெந்தயம் கெடையாது.

மருமகன்: லண்டன்ல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க இருக்காங்க. "எங்கட சொதிக்கு வெந்தயம் போடுவம்"னு உடனே எழுதுவாங்க.

அத்தை: எழுதட்டும். அவங்களும் சொல்லி, நானும் மறுத்துப் பேசுனா, பொருள் அதுவா இருக்காதுன்னுதான் எல்லாரும் நெனைப்பாவ.

மருமகன்: ...இது எனக்குத் தோணலையே. சொல்லுங்க.

அத்தை: நாலு பேருக்கு. பெரிய தேங்கா ஒண்ணு. மொதப் பால் 200 மில்லி, ரெண்டாம் பால் 400. பாசிப்பருப்பு 50 கிராம், கொழைய வேக வச்சது. கேரட்டு, உருளக்கிழங்கு, முருங்கக்கா எல்லாஞ் சேந்து 300 கிராம். சின்ன உள்ளி பத்து, பூண்டு பத்துப் பல்லு. பச்ச மொளகா நாலும் இஞ்சி ஒரு வெரல் நீளமும் அரைக்கணும்.

மருமகன்: யாரு விரல்?

அத்தை: உன் வெரல வெட்டி அனுப்புவோம். இருவது கிராம்னு போடு. காய ரெண்டாம் பால்ல வேக வச்சு, அரைச்சதயும் பருப்பயும் போட்டு ஒரு கொதி. பெறவு தீயக் கொறச்சு மொதப் பால ஊத்தி, ஓரத்துல நுரை கட்டும்போதே எறக்கிரணும். கொதிச்சுதோ, திரிஞ்சு போயிரும். எலுமிச்சம்பழம் அரை மூடி, அடுப்புல இருக்கும்போது பிழியக் கூடாது, கை பொறுக்குத சூட்டுக்கு வந்த பெறவு.

மருமகன்: கை பொறுக்கிற சூடு... சரி, "இறக்கிப் பத்து நிமிஷம் கழிச்சு"ன்னு போடுறேன். உப்பு?

அத்தை: தேவையான...

மருமகன்: அத்தை.

அத்தை: போட்டாத் தெரியும்ல! சட்டியப் பாத்தா கை தன்னால போடும். அதப் போயி கிராமுல எப்பிடிச் சொல்ல?

மருமகன்: அப்ப போடுங்க. இந்தா தராசு, மேல கிண்ணம், முள்ளு பூஜ்யம். சட்டியில சொதி இருக்குன்னு நினைச்சுக்கோங்க.

(அத்தை உப்பு ஜாடிக்குள் கை விட்டு, அஞ்சு விரலையும் குவித்து அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறார்.)

மருமகன்: 9 கிராம். குருட்டாம்போக்கு. இன்னொரு தடவை.

(கிண்ணத்தைத் தட்டிவிட்டு வைக்கிறான். அத்தை அவரைக்காயைப் பார்த்தபடியே போடுகிறார்.)

மருமகன்: 9.

அத்தை: ம்.

மருமகன்: கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க.

(போடுகிறார். தராசு 10 காட்டுகிறது.)

மருமகன்: ஆங்! பாத்தீங்களா, பத்து! இதத்தான் நான் சொன்னேன், கையை நம்பி...

அத்தை: இருல. ஒரு கல்லு கூட விழுந்துட்டு.

(கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய உப்புக்கல்லை எடுத்து ஜாடியில் போடுகிறார். தராசில் 9.)

மருமகன்: ...உப்பு, 9 கிராம்.

அத்தை: இதத்தான நான் அப்பமே சொன்னேன், தேவையான அளவுன்னு. நகருல, அவரைக்காய அடுப்புல போடணும்.